தொழில்: "இல்லை"

தம்பலகாமத்திலே ஒரு குடும்பத் தலைவி பிரதேச செயலகத்துக்கோ, பாடசாலைக்கோ, வங்கிக்கோ சென்று ஒரு படிவத்தை நிரப்ப நேர்ந்தால், பெயர், விலாசம், வயது யாவும் தடையின்றி நிரம்பிவிடுகின்றன. "தொழில்" என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. பின்னர் அவ்விடத்தில் "இல்லை" என்று எழுதப்படுகிறது. அல்லது ஒரு கீறு இழுக்கப்படுகிறது. சற்று இரக்கமுள்ள உத்தியோகத்தராயின் "வீட்டுப் பணி" என்று எழுதுவார். எழுதுகிறவருக்கும் கூச்சமில்லை, எழுதுவிக்கிறவளுக்கும் கூச்சமில்லை. இதனை ஒரு சிறு விஷயம் என்று கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு நாட்டின் சட்டமும், கணக்கும், காணி உறுதியும், ஓய்வூதியமும் இந்த ஒரு கட்டத்தில் எழுதப்படுவதைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகின்றன. அங்கே "இல்லை" என்று எழுதப்பட்டவளுக்கு வேறு பல இடங்களிலும் "இல்லை" என்ற விடையே காத்திருக்கிறது.

அரசாங்கத்தின் தொழிற்படைக் கணக்கெடுப்பு இவ்விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இலங்கையில் தொழில் செய்யும் வயதுடைய பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரே தொழிற்படையைச் சேர்ந்தவர் என்று அக்கணக்குக் கூறுகிறது. எஞ்சிய இருவருக்கும் அது இட்டிருக்கும் பெயர் "பொருளாதார ரீதியில் செயலற்றோர்" என்பதாகும். ஏன் செயலற்றிருக்கிறார்கள் என்று வினவினால், அவர்களுட் பெரும்பாலோர் வீட்டு வேலை செய்கிறார்கள் என்று அதே கணக்கு விடையும் தருகிறது! வேலை செய்வதால் செயலற்றவர் என்னும் இந்தத் தர்க்கம் எந்தத் தர்க்க சாஸ்திரத்தில் உள்ளதோ நாம் அறியோம்.

செயலற்றவளின் ஒரு நாளைப் பார்ப்போம். பெரும்போகத்து அறுவடைக் காலம் என்று வைத்துக்கொள்வோம். விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே அவள் எழுகிறாள். முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்து, அடுப்பை மூட்டி, பிட்டுக்கு மாக்குழைத்து, தேங்காய் துருவிச் சம்பல் இடித்து, பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டிப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும். வீட்டிலே மாமியாரோ மாமனாரோ இருந்தால் அவர்களுக்குரிய பத்தியமும் மருந்தும் வேறு. மாடு நிற்கும் வீடாயின் பால் கறந்து தயிருக்கு உறை குத்தும் வேலையும் உண்டு. இவை முடியுமுன்னரே வயலில் நிற்போருக்குத் தேநீர் போக வேண்டும். பத்து மணியானதும் சோற்றுக்கு உலை வைத்தாக வேண்டும். வயலில் நிற்பவர் நால்வரோ பதின்மரோ, அத்தனை பேருக்கும் சோறும் மீன்கறியும் கட்டிக்கொடுக்கிறாள். மாலையில் பிள்ளை வந்துவிடுகிறது. பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். நெல் வீட்டுக்கு வந்ததும் காயப்போடுவதும், மழைக்கு அள்ளுவதும், கோழியைத் துரத்துவதும், அவியல் நெல்லுக்கு ஊறப்போடுவதும் அவளைச் சேர்ந்தவை. இரவு எல்லோரும் உண்டபின் சட்டியில் எஞ்சியதை அவள் உண்கிறாள். அவ்வேளையில் கைக்குழந்தை அழுதால் அதுவும் ஆறிப்போகிறது.

வயலில் அறுத்தவருக்குக் கூலி உண்டு. மூட்டை ஏற்றியவருக்குக் கூலி உண்டு. இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை உண்டு. இவர்கள் யாவரையும் நிற்கவைத்த சோற்றுக்குச் செலவுக் கணக்கில் அரிசியும் மீனும் மாத்திரம் எழுதப்படுகின்றன. சமைத்தவள் எழுதப்படுவதில்லை. கமக்காரர்களாகிய எமது வாசகர்கள் போக முடிவில் ஏக்கருக்கு இன்ன செலவு, இன்ன வரவு என்று கணக்குப் பார்க்கிறார்கள். உழவு, விதை, பசளை, களைநாசினி, வெட்டுக்கூலி எல்லாம் அதில் அடங்கும். அடுப்படியில் அறுபது நாள் நின்றவளின் உழைப்பையும் சமையற்காரர் ஒருவரை அமர்த்தியிருந்தால் கொடுத்திருக்க வேண்டிய கூலியாக அதில் சேர்த்துப் பார்க்கும்படி ஒரு முறையேனும் அவர்களை வேண்டுகிறோம். இலாபம் என்று எண்ணியிருந்த தொகையில் எவ்வளவு அவளுடைய கூலி என்பது அப்போது தெரியவரும்.

"வீட்டில் இருப்பது தமிழ்ப் பெண்ணின் ஆதி மரபு, இதில் முறையிட என்ன உண்டு?" என்று சிலர் கேட்பர். இம்மரபு எவ்வளவு பழையது என்பதைச் சற்று விசாரிக்க வேண்டும். வேளாண்மைக் கிராமத்திலே வீட்டைவிட்டு வெளியே வராத பெண் முற்காலத்தில் போடியார் வீட்டுப் பெண்ணாகவே இருந்தாள். மற்றையோர் நாற்று நட்டார்கள், களை பிடுங்கினார்கள், அரிவி வெட்டினார்கள், சூடு மிதித்த களத்தில் நெல் தூற்றினார்கள், கதிர் பொறுக்கினார்கள். பொறுக்கிய கதிரும் தூற்றிய கூலி நெல்லும் அவர்கள் கையிலேயே இருந்தன. நாற்று நடுகைக்குப் பதிலாக விதைப்பு வந்தது. களைபிடுங்கலுக்குப் பதிலாகக் களைநாசினி வந்தது. அரிவாளுக்கும் சூட்டுக்களத்துக்கும் பதிலாக ஒரே இயந்திரம் வந்தது. இவற்றை நாம் குறை கூறவில்லை. முதுகு ஒடிந்தவரைக் கேட்டால் இயந்திரத்தின் அருமையைச் சொல்வார். ஆனால் இயந்திரம் பறித்த வேலைகளுட் பெரும்பாலானவை பெண்களின் கூலி வேலைகள். அதே இயந்திரங்களுக்குச் சாரதியாகவும் உரிமையாளராகவும் பொறிவல்லுநராகவும் ஆனவர்கள் ஆண்களே. இவ்விதமாகவே பாட்டியின் கையிலிருந்த கூலி நெல் பேத்தியின் கைக்கு வராது போயிற்று. பேத்தி உயர்தர வகுப்பு வரை படித்திருக்கிறாள். இது 1945ஆம் ஆண்டு தொடங்கிய இலவசக் கல்வியின் பெரும்பேறு. படித்தபின் அவளுக்கேற்ற உத்தியோகம் கிராமத்தில் இல்லை. திருகோணமலைப் பட்டினத்துக்குப் போய்வர வேண்டும். காலையில் போனவள் மாலையில் திரும்பும்வரை பிள்ளையை ஏற்க ஓர் இடமில்லை. ஆகவே அவள் வீட்டில் இருக்கிறாள். இதற்கு மரபு என்று பெயரிடுவது மரபுக்கும் நியாயமன்று, அவளுக்கும் நியாயமன்று.

தேசிய வருமானத்தைக் கணக்கிடும் முறையை ஆராய்ந்தால் வேடிக்கை இன்னும் பெரிதாகிறது. பீகூ என்னும் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் 1920ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் இதனைச் சுட்டினார். ஒருவர் தம் வீட்டுப் பணிப்பெண்ணையே மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் அவ்வளவுக்குக் குறைந்துவிடும். ஏனெனில் அதுவரை சம்பளம் பெற்றுச் செய்த வேலையை அவள் இனிச் சம்பளமின்றிச் செய்வாள். இந்தக் கோணலை அறிந்துகொண்டே உலகம் அதனை விதியாக்கிக்கொண்டது. 1953இல் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த தேசியக் கணக்கு முறையில் வீட்டார் வீட்டாருக்கே செய்யும் சமையல், துப்புரவு, குழந்தை வளர்ப்பு, நோயாளர் பராமரிப்பு என்பன சேர்க்கப்படவில்லை. 1993இல் திருத்தியபோது சற்று மனமிரங்கினார்கள். வீட்டு உபயோகத்துக்கு நெல் குற்றுவதும், விறகு சேர்ப்பதும், நீர் சுமப்பதும் உற்பத்தியே என்று ஒப்புக்கொண்டார்கள். சமையலுக்கு மாத்திரம் அந்த இரக்கம் கிடைக்கவில்லை. இதன் பொருள் யாது? எமது தம்பலகாமத்துத் தாய் கிணற்றடியிலிருந்து குடத்தைச் சுமந்து அடுப்படி வாசல் வரை வரும்போது தேசத்தின் உற்பத்தியைப் பெருக்குகிறாள். அந்த நீரை உலையில் ஊற்றிய கணமே செயலற்றவளாகிவிடுகிறாள். கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்காலில் எத்தனை நாள், எத்தனை அடி ஓடவேண்டும் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வாதாடும் நாம், வீட்டுக் குடத்து நீருக்கு ஒரு வரியேனும் எழுதியதில்லை. அக்கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் எழுந்து பேசுகிறார்கள் என்பதையும் வாசகர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

இவ்வேலை அளக்க முடியாதது என்பதும் வீண் பேச்சு. அளந்திருக்கிறார்கள். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகத்துப் பெண் ஒருத்தி நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம் ஊதியமற்ற பராமரிப்பு வேலை செய்கிறாள். ஆணோ 1 மணி 23 நிமிடம் செய்கிறான். இந்தியாவில் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளுக்கு 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாகக் கூறிற்று. இலங்கையிலும் தொகைமதிப்புத் திணைக்களம் 2017இல் முதன்முறையாக இத்தகைய கணக்கெடுப்பை நாடளாவ நடத்தியது. அறிக்கையும் வந்தது. அவ்வறிக்கையைக் கொண்டு ஒரு சட்டமாவது, ஒரு திட்டமாவது மாற்றப்பட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

இனி, சட்டத்தின் பக்கம் திரும்புவோம். எமது வாசகர்களுள் நியாயவாதிகள் பலர் உளராதலால் இதனைச் சற்று விரித்தே கூறவேண்டும்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு வழங்கினார். கணவன் சவூதி அரேபியாவில் உழைத்துப் பணம் அனுப்பினான்; மனைவி ஊரிலே பிள்ளைகளை வளர்த்து வீட்டை நடத்தினாள்; அப்பணத்தில் சொத்துக்கள் வாங்கப்பட்டன. பின்னர் அவையாவும் தன்னுடையவை என்று கணவன் வழக்காடினான். சம்பாதிப்பதன் மூலம் நேராகச் செய்யும் பங்களிப்பும், குடும்பத்தைப் பேணுவதன் மூலம் மறைமுகமாகச் செய்யும் பங்களிப்பும் சேர்ந்தே அச்சொத்தை ஆக்கின என்றும், மனைவிக்கு அதில் சமபங்கு உண்டு என்றும் நீதிமன்றம் கூறிற்று. அவள் விடுமுறையின்றி உழைக்காவிடில் அவன் கடல் கடந்திருக்கவே முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். இதற்கு முன்பு 2010இல் இந்திய உச்சநீதிமன்றம், வீட்டுப் பெண்களைக் குடிசன மதிப்பில் பிச்சைக்காரரோடும் சிறைக்கைதிகளோடும் ஒரே வகுப்பில் வைத்திருப்பதைக் கண்டித்தது. 2021இல் அதே நீதிமன்றம், விபத்தில் இறந்த குடும்பத் தலைவிக்கு ஒரு வருமானம் உண்டென்று கொண்டே நட்டஈடு கணிக்க வேண்டும் என்பதை மீண்டும் வலியுறுத்திற்று.

இவற்றை நாம் மெச்சுகிறோம். ஆயினும் சென்னைத் தீர்ப்பைப் படித்துவிட்டு, இது ஏதோ புதிய ஞானம் என்று எமது படித்த நண்பர்கள் வியந்தபோது எமக்குச் சிரிப்பே வந்தது. அவர்கள் தம் வீட்டுச் சட்டத்தை மறந்துவிட்டார்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசக்ஸ் என்பவர் தொகுத்தளித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் "தேடியதேட்டம்" என்றொரு சொல் உண்டு. விவாக காலத்தில் தேடப்பட்ட சொத்து என்பது அதன் கருத்து. யார் கையால் தேடியது என்று அது முதலில் கேட்கவில்லை. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இத்தேட்டம் கணவன் மனைவி இருவருக்கும் சமமாகப் பொதுவானது என்று எழுதிற்று. 1947இன் திருத்தம் அதனைத் தளர்த்திற்று என்றபோதிலும், ஒருவர் இறந்தால் தேட்டத்தில் அரைப்பங்கு மற்றவருக்கு என்பது நிலைத்தது. சென்னையில் 2023இல் ஒரு நீதியரசர் தனிச்சட்டம் இல்லாத நிலையில் நியாய உணர்ச்சியால் கண்டெடுத்ததைத் தமிழரின் வழக்காறு பல தலைமுறைகளுக்கு முன்னரே கையில் வைத்திருந்தது. தேசவழமையில் பெண்ணுக்குப் பாதகமான விதிகளும் உண்டு. தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதனை நாம் மறைக்கவில்லை. ஆனால் தேடியதேட்டம் என்னும் கருத்து போற்றத்தக்கது.

இங்கேதான் தம்பலகாமத்தின் விதி வேறாகிறது. தேசவழமை வடமாகாணத் தமிழருக்குரிய சட்டம். திருகோணமலை மாவட்டத்துத் தமிழர் பொதுச்சட்டத்தின் கீழ் வருகின்றனர். பொதுச்சட்டமோ 1876ஆம் ஆண்டிலும் 1923ஆம் ஆண்டிலும் ஆங்கிலேயர் செய்த கட்டளைச் சட்டங்களால், கணவன் சொத்துக் கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு என்று தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது. சொந்தச் சம்பாத்தியம் உள்ள பெண்ணுக்கு இது ஒரு பாதுகாப்பு. இதனை நாம் மறுக்கவில்லை. சம்பாத்தியமே இல்லாது வீட்டில் உழைத்தவளுக்கு இச்சமத்துவம் எதைக் கொடுக்கிறது? அவள் பெயரில் இருந்தது அவளுக்கு. அவள் பெயரில் ஒன்றுமில்லை; ஆகவே அவளுக்கு ஒன்றுமில்லை. விதவையானால் பங்கு உண்டு. கைவிடப்பட்டால் தாபரிப்புக்கு நீதிமன்றப் படியேற வேண்டும்.

கிழக்கிலங்கையில் பெண் பிள்ளைக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரும் வழக்கம் பரவலாக இருந்து வந்தது. இப்பெருமையை நாம் மேடைகளில் கூறிக்கொள்வதுண்டு. அரசாங்கம் இவ்வழக்கத்தை எவ்வளவு மதித்தது என்பதற்கு 2004 டிசம்பர் 26ஆம் திகதிய சுனாமிக்குப் பின் நடந்தது சாட்சி. கடல் கொண்டுபோன வீடு மனைவியின் சீதன வீடாயிருந்தும், புதிதாகக் கட்டிக் கொடுத்த வீட்டின் உறுதி "குடும்பத் தலைவர்" என்ற பெயரில் கணவனுக்கு எழுதப்பட்ட இடங்கள் இம்மாகாணத்தில் உண்டு. குடியேற்றக் காணிகளின் சரித்திரமும் வேறன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமை அட்டவணையில் ஆண் மக்களையே முன்னே நிறுத்திற்று. கந்தளாய் முதலிய குடியேற்றங்களில் எத்தனை பெண்கள் காடு வெட்டிய கணவனுக்குச் சோறாக்கி, மலைக்காய்ச்சலில் பிள்ளைகளைக் காத்து, அக்காணியைக் காணியாக்கினார்களோ அவர்களுடைய பெண் மக்கள் அட்டவணையின் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார்கள். 2022இல் தான் அந்த ஆண் முன்னுரிமை சட்டப் புத்தகத்திலிருந்து திருத்தப்பட்டது. எண்பத்தேழு ஆண்டுகள்! அதற்குள் மூன்று தலைமுறையின் அனுமதிப்பத்திரங்கள் கைமாறிவிட்டன.

இம்மண்ணுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அதனைத் தவிர்த்து இவ்விஷயத்தை எழுதிவிட முடியாது. 1998ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி தம்பலகாமத்திலே எட்டுத் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். முப்பதாண்டு யுத்தத்திலே இத்தகைய திகதி ஒவ்வொரு கிராமத்துக்கும் உண்டு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவருக்கும் உண்டு. அத்தகைய ஒரு பகலுக்குப் பிறகு, "தொழில் இல்லை" என்று அதுவரை எழுதப்பட்ட பெண் என்ன செய்தாள்? அப்பம் சுட்டு விற்றாள், தயிர் விற்றாள், மில்லுக்கு நெல் அவித்துக் கொடுத்தாள், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பினாள். நேற்று வரை செயலற்றிருந்தவள் இன்று காலையில் திடீரென்று செயல் கற்றுக்கொண்டாளா? அத்தனை கைத்தொழிலும் அவளிடம் முன்னரே இருந்தன. அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது மாத்திரமே நாடு அவளைக் கண்டது.

அரசாங்கத்தை விடக் கடன் கொடுக்கும் கம்பெனிகள் இவ்விஷயத்தில் கெட்டிக்காரர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. யுத்தத்துக்குப் பின் வடக்குக் கிழக்குக் கிராமங்களில் நுழைந்த நுண்கடன் நிறுவனங்கள் தேடிச் சென்றது வீட்டில் இருக்கும் தாயைத்தான். அவளிடம் தொழில் இல்லை என்பது அவர்களுக்குத் தடையாகவே இருக்கவில்லை. அவள் வாரந்தோறும் இன்ன நாளில் வீட்டில் இருப்பாள், பட்டினி கிடந்தாவது தவணையைக் கட்டுவாள், அயலவர் முன் மானத்துக்கு அஞ்சுவாள் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள், கணக்குப் பிழைக்கவுமில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே ஏற்று நீக்க வேண்டியதாயிற்று. கடன்காரனுக்குத் தெரிந்த அவளது மதிப்பு தொகைமதிப்பாளருக்குத் தெரியவில்லை.

அரசாங்கத்துக்குத் தெரியாது என்றும் முற்றாகச் சொல்லிவிட முடியாது. 2013ஆம் ஆண்டில் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குச் செல்ல விரும்பும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை என்றொரு விதி கொண்டுவரப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் போகக்கூடாது என்றார்கள். தாய் இல்லாத வீட்டில் பிள்ளையின் கதி என்னாகும் என்பதே காரணம். மிகவும் நல்ல காரணம். 2022இல் நாடு வங்குரோத்தாகி டொலர் தேவைப்பட்டபோது அந்த ஐந்து வயது இரண்டு வயதாகக் குறைந்தது. தாயின் பணி தேசத்துக்கு இன்றியமையாதது என்று அவளைத் தடுப்பதற்குக் கண்டுபிடித்த அரசாங்கம், அதே பணியை ஊரில் இருந்து செய்பவளுக்கு ஓய்வூதியப் புத்தகத்தில் ஒரு வரி ஒதுக்கக் கண்டுபிடிக்கவில்லை. சவூதியில் அந்நியர் வீட்டுச் சட்டி கழுவினால் அது தொழில், அந்நியச் செலாவணி, தேசசேவை. தம்பலகாமத்தில் தன் வீட்டுச் சட்டி கழுவினால் அது "இல்லை".

அந்த 2022ஆம் ஆண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முந்திய ஆண்டில் இரசாயனப் பசளையைத் தடுத்தார்கள், விளைச்சல் வீழ்ந்தது. பின்பு எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. பத்திரிகைகள் யாவும் திறைசேரி எவ்வாறு சமாளிக்கும் என்றே எழுதின. திறைசேரி சமாளிக்கவில்லை, அடுப்படிகளே சமாளித்தன. விறகுக்குத் திரும்பியவள் தாய். ஒரு நேரச் சோற்றை இரு நேரமாக்கியவளும், கடைசியில் தான் உண்ணாது படுத்தவளும் தாயே. நாட்டின் பற்றாக்குறை ஒவ்வொரு முறையும் இறங்கி வந்து தங்குமிடம் இதுவே. அரசாங்கம் எந்தச் செலவை வெட்டினாலும், அந்த வேலை மறைந்துவிடுவதில்லை. ஆஸ்பத்திரியில் கட்டில் குறைந்தால் நோயாளி வீட்டுக்கு வருகிறார். பாடசாலை மூடினால் பிள்ளை வீட்டுக்கு வருகிறது. கவனிப்பவள் அதே பெண்.

உத்தியோகம் பார்க்கும் எமது வாசகர்களுக்கும் சொல்வதற்கு ஒன்றுண்டு. "என் மனைவி ஒன்றும் செய்வதில்லை, வீட்டில்தான் இருக்கிறாள்" என்று ஆசிரியரும் டாக்டரும் எழுதுவினைஞரும் வெகு இயல்பாகக் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். சிலர் இதைப் பெருமையாகவே சொல்வர். மனைவியை வேலைக்கு அனுப்ப வேண்டிய நிலையில் தாம் இல்லை என்பது அதன் தொனி. அவர் எட்டு மணிக்கு அயர்ன் செய்த சட்டையோடு அலுவலகத்தில் நிற்பது எப்படி நிகழ்ந்தது என்பதை அவர் யோசிப்பதில்லை. உத்தியோகம் பார்க்கும் பெண்ணுக்குப் பிரசவ லீவு உண்டு. 1939ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தனியார் துறைக்குக் கொடுத்தது, 2018இன் திருத்தம் எந்தப் பிள்ளையானாலும் 84 நாள் என்று ஆக்கிற்று. வீட்டில் இருக்கும் தாய்க்கு அந்த 84 நாளும் இல்லை. அவளுக்குக் கிடைத்து வந்த ஒரே லீவு, துடக்கு என்று ஊர் ஒதுக்கிவைத்த முப்பத்தொரு நாள்தான்! அதையும் தனிக்குடித்தனம் வந்தபின் பலர் இழந்துவிட்டார்கள்.

"தாய்மைக்கு விலை பேசலாமா? தாயன்பைப் பணத்தால் அளப்பதா?" என்ற ஆட்சேபம் வரும் என்பதை நாம் அறிவோம். இது பெரும்பாலும் ஆண்களிடமிருந்தே வருகிறது. ஆசிரியப் பணி புனிதமானது என்பதற்காக ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. ஆதிகோணநாயகரின் திருக்கோயிலைக் கொண்ட இவ்வூரில் இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளக்கோட்டு மன்னன் கோணேசர் ஆலயத்தில் விளக்கேற்றுவது முதலாக ஒவ்வொரு தொண்டுக்கும் இன்னார் என்று வகுத்து, அவர்கள் சீவனத்துக்கு நிலமும் வகுத்தான் என்று கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கூறுகிறது. கடவுளுக்குச் செய்யும் தொண்டையே எழுதி, மானியமும் கொடுத்தது எமது மரபு. அதனால் அத்தொண்டின் புனிதம் குறைந்துவிட்டதாக யாரும் கருதவில்லை.

தமிழ்நாட்டில் 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி தொடங்கிய மகளிர் திட்டம் குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுப்பதாக அமைந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள் அதில் தெரிவாயினர். அத்தொகைக்கு "உதவித் தொகை" என்று பெயரிடாமல் "உரிமைத் தொகை" என்று பெயரிட்டதை நாம் விசேடமாகப் பாராட்டுகிறோம். ஒரு சொல் மாறியதால் வாங்குகிறவளின் கை தாழவில்லை. ஆயினும் மாதப்பணம் ஒன்றே இதற்கு மருந்து என்று நாம் நம்பவில்லை. ஐயாயிரம் ரூபாவை வாங்கிக்கொண்டு அடுப்படியோடு இரு என்று சொல்வதற்கும் அது பயன்படக்கூடும். எமது நாட்டின் "அஸ்வெசும" 2023இல் சமுர்த்தியின் இடத்துக்கு வந்தது. அது வறுமைக்கான நிவாரணம், வேலைக்கான மதிப்பன்று. இரண்டையும் குழப்பலாகாது.

நாம் கோருவது வேறு. தம்பலகாமத்தில் பிள்ளையைப் பகல் முழுவதும் ஏற்கும் பராமரிப்பு நிலையம் வேண்டும். அதன் ஆசிரியைக்குச் சொற்ப அலவன்ஸ் அன்றி உரிய சம்பளம் வேண்டும். பாலர் பாடசாலை ஆசிரியைகளைச் சேவை மனப்பான்மையில் வாழச் சொல்வது அதே "இல்லை"யின் மறுபிறப்பாகும். கமக்காரர் அமைப்பிலும் கமநல சேவை நிலையத்துப் பதிவேட்டிலும் வயலின் பெயருக்கு நேரே கணவன் மனைவி இருவர் பெயரும் எழுதப்பட வேண்டும். 1987ஆம் ஆண்டின் விவசாயிகள் ஓய்வூதியச் சட்டத்தின் பயனை வரம்பில் நின்றவர் போலவே அடுப்படியில் நின்றவரும் பெற வேண்டும். தேடியதேட்டம் என்னும் நியாயத்தைத் தேசவழமைக்கு வெளியே உள்ள தமிழருக்கும், ஏன், இந்நாட்டு எல்லா இனத்தாருக்கும் பொதுவான விவாகச் சொத்துச் சட்டமாக்க எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒரு பிரேரணையாவது கொண்டுவர வேண்டும்.

இக்கடைசி விஷயத்தில் எமது கட்சிகளுக்கு ஒரு பழைய கடனும் உண்டு. 1961ஆம் ஆண்டு பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பரவியபோது, பெண்கள் திரள் திரளாக வந்து வெயிலில் அமர்ந்தார்கள். திருமதி மங்கையர்க்கரசி அமிர்தலிங்கம் பனாகொடையில் தடுத்துவைக்கப்பட்டார். அவர்களிற் பெரும்பாலோர் வீட்டில் இருந்த தாய்மார். சமைத்து வைத்துவிட்டு வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். மொழிக்காக அவர்கள் வந்தார்கள். அவர்களுக்காக எமது கட்சிகள் எந்த வாசலில் அமர்ந்தன? 1975 அக்டோபர் 24ஆம் திகதி ஐஸ்லாந்து நாட்டுப் பெண்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒரு நாள் எல்லா வேலையையும், வீட்டு வேலை உட்பட, நிறுத்தி நின்றார்கள். நாடு ஸ்தம்பித்தது. எமது தாய்மார் அவ்விதம் ஒரு நாள், அதுவும் அறுவடைக் காலத்தில், நிறுத்தினால் என்னாகும் என்று கமக்காரர்கள் கற்பனை செய்து பார்க்கலாம். அந்த யோசனையை நாம் இப்போதைக்கு ஆதரிக்கவில்லை. எமக்கும் பகற்சோறு வேண்டியிருக்கிறது.

அடுத்த காணிக் கச்சேரி கூடும்போது பிரதேச செயலகத்துக்கு மனு எழுதிக் கொடுப்பவர்கள் எமது வாசகர்களிலேயே பலர் இருப்பார்கள். "குடும்பத் தலைவர்" என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுதுங்கள். "தொழில்" என்ற இடத்தில், உங்கள் பெயருக்கு நேரே "விவசாயம்" என்று எழுதுவீர்களாயின், அவள் பெயருக்கு நேரேயும் அதையே எழுதுங்கள். உத்தியோகத்தர் ஆட்சேபித்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி ஆட்சேபிக்கிறார் என்பதை எழுத்தில் தரும்படி கேட்டு, அக்கடிதத்தின் பிரதியை எமக்கு அனுப்பி வையுங்கள். நாம் பிரசுரிப்போம்.